வரைபடத்தில் ஆளைக் காணோம்: மெஷ்டாஸ்டிக் குழுவில் வரும் கோளாறுகளைப் பிடிக்கும் வழி

தைப்பூசத்துக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடந்து போகும் எங்கள் குழுவில் 13 சின்ன லோரா ரேடியோக்கள் (குறைந்த மின்சாரத்தில் தூரம் போகும் வகை) இருக்கின்றன. எல்லாவற்றிலும் மெஷ்டாஸ்டிக் என்ற மென்பொருளை ஏற்றியிருக்கிறோம். செல்போன் டவர் இல்லாமலே ஒன்று சொல்வதை இன்னொன்று கேட்டு அடுத்ததற்குத் தள்ளிவிடும். யார் எந்த இடத்தில் நடக்கிறார்கள் என்பதையும் போனில் வரைபடமாகக் காட்டும். இந்த ரேடியோ ஒவ்வொன்றையும் நோடு என்று சொல்ல வேண்டும்; எங்கள் ஆட்களுக்கு அது டப்பா. டப்பாக்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் சிங்கம்புணரியைத் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் "தம்பி, டப்பா செத்துப்போச்சு" என்று வந்து நிற்பார். உண்மையிலேயே செத்தது இதுவரை இரண்டுதான். மற்றதெல்லாம் ஒரு எழுத்து மாறியிருக்கும், ஒரு டிக் விட்டுப்போயிருக்கும், ஒரு திருகு தளர்ந்திருக்கும்.

அறிகுறிவாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாகும் காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும். ஆப்பில் மெனு ஆங்கிலத்தில் இருப்பதால் அந்தப் பெயர்களையே தமிழில் எழுதியிருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு மெனு இடம் மாறலாம், தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை

தகராறு செய்யும் டப்பாவையும் நன்றாக ஓடும் இன்னொரு டப்பாவையும் வெட்டவெளியில் 10 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஆன்டெனா இரண்டும் நேராக மேலே பார்க்கட்டும். ஒரு குழுச் செய்தி அனுப்பி, வாங்கிய பக்கம் சிக்னல் அளவைப் பாருங்கள். ஆப்பில் ஆர்எஸ்எஸ்ஐ என்று இருக்கும்.

செய்தியே வரவில்லை என்றால் அடுத்த இரண்டு தலைப்புகளுக்குப் போங்கள். வந்தது, அளவும் −50 பக்கத்தில் இருக்கிறது என்றால் ரேடியோ நலம். தகராறு தூரத்திலோ கூட்டத்திலோ இருக்கிறது. 10 மீட்டரிலேயே −90 காட்டினால் வேறெதையும் யோசிக்காமல் 'அரைக் கிலோமீட்டரில் அறுந்துவிடுகிறது' என்ற தலைப்பில் ஆன்டெனாவைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் நேரே அமைப்புகளுக்குள் கை வைத்து, நன்றாக இருந்ததையும் கெடுத்த அனுபவம் எனக்கு உண்டு.

## எதுவும் வரவில்லை, எதுவும் போகவில்லை

போனும் டப்பாவும் பேசிக்கொள்கின்றனவா? ஒரு நேரத்தில் ஒரு போன்தான் ப்ளூடூத்தில் டப்பாவைப் பிடிக்க முடியும். முந்தின நாள் வீட்டில் மகன் தன் போனில் சோதித்துப் பார்த்திருப்பார். அந்தப் போன் பக்கத்துப் பையில் கிடந்தபடியே டப்பாவைப் பிடித்து வைத்திருக்கும். அதன் ப்ளூடூத்தை அணையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் போனின் ப்ளூடூத் பட்டியலிலிருந்து டப்பாவின் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். பின் எண் திரையில் வரும். திரை இல்லாதவற்றுக்கு வழக்கமாக 123456.

ஈஎஸ்பி32 சிப் உள்ள போர்டு என்றால் இன்னொன்றும் உண்டு. அதில் வைஃபையை இயக்கினால் ப்ளூடூத் போய்விடும். யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து வைஃபையை அணைத்தால் திரும்ப வரும்.

ரீஜன், அதாவது எந்த நாட்டு அலைவரிசை என்ற அமைப்பு, என்ன? புதிதாக ஃபர்ம்வேர் (டப்பாவுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றிய டப்பாவில் இது 'அன்செட்' என்று இருக்கும். அந்த நிலையில் அது எதையும் ஒலிபரப்பாது. இந்தியாவுக்கு 'ஐஎன்' வைக்க வேண்டும்: 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து 'யூஎஸ்' வைத்துவிட்டு வருகிறவர் ஆண்டுக்கு ஒருவராவது உண்டு. அது 902 முதல் 928 வரையுள்ள அலைவரிசை. நம் ஊரில் அதன் ஒரு பகுதி செல்போன் நிறுவனங்களுக்கு உரியது. குழுவில் யாருக்கும் கேட்காது என்பதோடு சட்டப்படியும் தப்பு.

மோடம் ப்ரீசெட் (வேகமா, தூரமா என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பு) எல்லாருக்கும் ஒன்றா? ஆலையிலிருந்து வருவது லாங்ஃபாஸ்ட். ஒருவர் மட்டும் மீடியம்ஃபாஸ்டில் இருந்தால், தோள் உரச நடந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்கமாட்டார்கள்.

போர்டு எந்த அலைவரிசைக்கானது? மலிவாகக் கிடைக்கிறதே என்று 433 மெகாஹெர்ட்ஸ் போர்டை வாங்கிவிடுவார்கள். ஆப்பில் 'ஐஎன்' தேர்ந்தெடுக்க அது மறுக்காது. ஆனால் உள்ளே இருக்கும் ரேடியோச் சுற்று 433க்காக அமைந்தது. 866இல் அது முனகத்தான் செய்யும். பெட்டியிலும் போர்டின் அடிப்பக்கத்திலும் எண் இருக்கும். தப்பான போர்டு என்றால் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வழியில்லை.

பிறர் பேசுவது கேட்கிறது, நாம் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய அறிகுறி. ஆன்டெனா மாட்டாமல் டப்பாவை இயக்கினால் ஒலிபரப்பும் பகுதி சூடேறிக் கெடலாம். நல்ல ஆன்டெனா ஒன்றை மாட்டிப் பாருங்கள். பிறகு அமைப்புகளை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு ஃபர்ம்வேரை ஒருமுறை முழுக்க அழித்து ஏற்றிப் பாருங்கள். அப்படியும் ஊமையாகவே இருந்தால் போர்டு போய்விட்டது. ரேடியோச் சிப்பை மாற்றித் தரக் கடை தேடி அலைய வேண்டாம். கூலியே புதுப் போர்டின் விலையைத் தொட்டுவிடும்.

## ஒரே ஒருவருக்கு மட்டும் குழுச் செய்தி வருவதில்லை

என் நேரத்தை அதிகம் தின்றது இதுதான்.

ஓர் ஆண்டு எங்கள் சாப்பாட்டு வண்டி அண்ணனுக்கு இரண்டு நாளாக ஒரு செய்தியும் போகவில்லை. குழு நத்தம் பக்கம் வந்து சேர்ந்தபோது அவர் சோற்றை வைத்துக்கொண்டு ஆறு கிலோமீட்டர் முன்னால் போய்க் காத்திருந்தார். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். ரீஜன் சரி, ப்ரீசெட் சரி, எங்கள் சேனலும் (குழுவுக்கான பேச்சு அறை) பட்டியலில் இருக்கிறது, செய்தியைப் பூட்டித் திறக்கும் சாவியும் அதே. ஆனால் பட்டியலில் அது இரண்டாவது இடத்தில் இருந்தது.

காரணம் இதுதான். ஐஎன் ரீஜனில் லாங்ஃபாஸ்ட் வைத்தால் 8 ஸ்லாட்டுகள், அதாவது அலைவரிசைத் துண்டுகள், உண்டு. எந்த ஸ்லாட்டில் பேசுவது என்பதை டப்பா முதல் சேனலின் பெயரை வைத்துத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. எங்கள் எல்லாருக்கும் குழுச் சேனல் முதலிடத்தில். அண்ணன் எங்கள் சேனலின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது 'ரீப்ளேஸ்' அழுத்தாமல் 'ஆட்' அழுத்தியிருந்தார். அதனால் பழைய பொதுச் சேனல் முதலிடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் சேனல் அதன் கீழே சேர்ந்தது. அவர் ஒரு ஸ்லாட்டில், நாங்கள் வேறொரு ஸ்லாட்டில். சாவி ஒன்றாக இருந்து என்ன பயன்?

குழப்பம் எங்கே வருகிறது என்றால், எட்டு ஸ்லாட்டுகளே இருப்பதால் சில குழுக்களுக்குத் தற்செயலாக இரண்டு பெயரும் ஒரே ஸ்லாட்டில் விழுந்துவிடும். "நாங்கள் ஆட்தான் போட்டோம், நன்றாக வேலை செய்கிறதே" என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை.

பார்க்க வேண்டிய வரிசை:

1. சேனல் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம்கூடத் தனிப் பெயராகிவிடும். கடைசியில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே. பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படாதீர்கள். 11 பைட்டுக்குள் அடங்க வேண்டும், ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'வேல்' என்ற சின்னப் பெயரே வ, ஏகாரக் குறி, ல, புள்ளி என்று 12 பைட் ஆகிவிடுகிறது.

2. முதல் சேனல் எது என்று பாருங்கள். குழுச் சேனல் கீழே இருந்தால் க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்து 'ரீப்ளேஸ்' கொடுங்கள். அவருடைய வேறு சேனல்கள் போய்விடும், முன்பே சொல்லிவிடுங்கள்.

3. அந்த வேறு சேனல்கள் அவருக்கு வேண்டும் என்றால் 'ஃப்ரீக்வென்சி ஸ்லாட்' என்ற இடத்தில் எல்லா டப்பாவிலும் ஒரே எண்ணைக் கையால் போடுங்கள். பூஜ்யம் இருந்தால் தானாகக் கணக்கிடு என்று பொருள். நாங்கள் இப்போது பூஜ்யத்தை நம்புவதே இல்லை.

4. இதற்குப் பிறகும் வரவில்லை என்றால் சாவி. யாராவது கையால் தட்டச்சு செய்திருப்பார்கள். தேடிக்கொண்டிருக்காமல் க்யூஆரை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

செய்தி வருகிறது, ஆனால் ஆப்பைத் திறக்கும்போதுதான் மொத்தமாகக் கொட்டுகிறது என்றால் டப்பாவைச் சந்தேகிக்க வேண்டாம். போன் பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று ஆப்பைத் தூங்க வைக்கிறது. போன் அமைப்பில் பேட்டரிப் பகுதிக்குப் போய் அந்த ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

போகவில்லை என்று ஆப் சொல்வதையும் முழுக்க நம்ப வேண்டாம். குழுச் செய்திக்கு டப்பா தேடும் ஒப்புகை, பக்கத்தில் யாராவது அதைத் திருப்பி ஒலிபரப்புவது கேட்கிறதா என்பதுதான். ஒவ்வொரு டப்பாவுக்கும் மெஷ்டாஸ்டிக்கில் ஒரு பங்கு (ரோல்) கொடுக்கலாம். எதிரே இருக்கும் ஒரே டப்பா 'க்ளையன்ட் ம்யூட்' பங்கில் இருந்தால் அது வாங்கிக்கொள்ளும், திருப்பிச் சொல்லாது. செய்தி போய்ச் சேர்ந்திருக்கும். உங்கள் திரையில் தோல்வி என்று காட்டும்.

## செய்தி வருகிறது, வரைபடத்தில் ஆள் இல்லை

டப்பாவில் ஜிபிஎஸ் இருக்கிறதா? எல்லாப் போர்டிலும் இருக்காது. ஹெல்டெக் வி3 போன்றவற்றில் கிடையாது. டி-பீம் போன்றவற்றில் உண்டு. இல்லாத டப்பா போனிடமிருந்து இடத்தை வாங்க வேண்டும். ஆப்பில் போனின் இடத்தை மெஷ்ஷுக்கு (டப்பாக்களின் வலைக்கு) கொடுக்கும் பொத்தானை இயக்கி, ஆண்ட்ராய்டில் இட அனுமதியை 'எப்போதும்' என்று மாற்றுங்கள். 'ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று விட்டால் போன் சட்டைப்பைக்குள் போனதும் இடம் நின்றுவிடும்.

ஜிபிஎஸ் இருக்கிறது, செயற்கைக்கோள் பிடிக்கவில்லை. ரொம்ப நாள் அணைந்து கிடந்த டப்பா முதல்முறை இடம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேலும் எடுக்கலாம். கல்யாண மண்டபத்துக்குள் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பதில் பயனில்லை. வெளியே வானம் தெரியும் இடத்தில் 15 நிமிடம் வையுங்கள். அதன்பிறகும் செயற்கைக்கோள் எண்ணிக்கை பூஜ்யம் என்றால் போர்டில் ஜிபிஎஸ்சுக்கென்று இருக்கும் குட்டிச் சதுர ஆன்டெனாவின் கம்பி கழன்றிருக்கும். அமுக்கி மாட்டினால் வந்துவிடும்.

சேனலில் இடம் அனுப்ப அனுமதி உண்டா? ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக இந்தப் பொத்தான் உண்டு. குழுச் சேனலில் அது அணைந்திருந்தால் செய்தி மட்டும் போகும்.

நேரம் ஆகவில்லையோ? மாற்றாமல் விட்டால் இடம் 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் போகும். 'ஸ்மார்ட் பொசிஷன்' இயங்கினால் 100 மீட்டர் நகர்ந்ததும் இடையிலும் போகும். புதிதாகக் குழுவில் சேர்ந்தவர் அதுவரை காணாமல்தான் இருப்பார். பொறுமை இல்லை என்றால் அவர் பெயரைத் தொட்டு இடத்தைக் கேட்கும் வசதி உண்டு.

வேபாயின்ட் வராததும் இதே இனம்தான். தண்ணீர்ப் பந்தல் இங்கே என்று ஒருவர் குறித்தால் அந்தக் குறி அந்த நேரத்தில் ஒருமுறை போகும். அப்போது எட்டாத் தூரத்தில் இருந்தவருக்குக் கிடைக்காது. குறித்தவரே திறந்து மறுபடி அனுப்ப வேண்டும்.

## ஆள் இருக்கிறார், இடம் தப்பு

இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்கிறார், அப்புறம் ஒரே தாவலில் வேறு இடத்துக்குப் போகிறார். ஜிபிஎஸ்சைக் குறை சொல்லாதீர்கள். இடத்தை வேண்டுமென்றே மழுக்கி அனுப்பும் வசதி இது. பொதுச் சேனலில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் வைத்திருக்கிறார்கள். அளவு 13 என்று இருந்தால் சுமார் 2.9 கிலோமீட்டர், 16 என்றால் சுமார் 364 மீட்டர், 32 என்றால் முழுத் துல்லியம்.

இதிலும் சேனல் வரிசை வந்து மாட்டும். தானாக அனுப்பும்போது இடம் ஒரே ஒரு சேனலில்தான் போகிறது: பட்டியலில் மேலிருந்து பார்த்து, இட அனுமதி உள்ள முதல் சேனலில். பொதுச் சேனல் மேலே மழுக்கலாகவும் குழுச் சேனல் கீழே துல்லியமாகவும் இருந்தால் குழுவுக்கும் மழுக்கலே கிடைக்கும். பொதுச் சேனலில் இடத்தை முழுக்க அணையுங்கள். குழுச் சேனலில் மட்டும் துல்லியம் கொடுங்கள்.

நம்மோடு நடந்துகொண்டே காரைக்குடி வீட்டில் இருப்பதாகக் காட்டுகிறார். 'ஃபிக்ஸட் பொசிஷன்' இயங்குகிறது. வீட்டு மாடியில் வைத்துச் சோதித்தவர் அணைக்க மறந்திருப்பார்.

ஒரு மணி நேரமாக ஒரே இடத்தில் நிற்கிறார். பயப்படும் முன் இடத்தின் நேரத்தைப் பாருங்கள். 'கடைசியாகக் கேட்டது' இப்போது என்று இருக்கும், ஆனால் அது அவருடைய செய்தியைக் கேட்ட நேரம். இடம் எப்போது வந்தது என்பது தனியாக அவர் விவரத்துக்குள் இருக்கும். அது பழையது என்றால் முந்தைய தலைப்புக்குத் திரும்புங்கள்.

முன்பின் தெரியாத ஊர்க்காரர்களெல்லாம் வரைபடத்தில் தெரிந்தால் யாரோ ஒருவர் எம்க்யூடிடியை இயக்கி இணையத்தோடு கோத்துவிட்டார். அணைக்கச் சொல்லுங்கள்.

## பக்கத்தில் சரி, அரைக் கிலோமீட்டரில் அறுந்துவிடுகிறது

முதல் குற்றவாளி நம் உடம்பு. இடுப்புப் பையில் வைத்து, பின்னால் வருகிறவரோடு பேச வேண்டும் என்றால் சிக்னல் ஒரு முழு மனிதரைத் தாண்டிப் போக வேண்டும். தோள் பையின் மேல் வாரில், ஆன்டெனா தலைக்கு மேலே நீட்டும்படி கட்டுங்கள். காவடி எடுப்பவர்கள் குழுவில் இருந்தால் அதைவிட உயரமான இடம் கிடைக்காது. ஆனால் எல்லாரும் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள், கேட்டுக்கொண்டு செய்யுங்கள். வண்டிக்குள் வைத்தால் தகரக் கூடு அடைத்துவிடும், கூரைக்கு வெளியே எடுங்கள்.

அடுத்தது ஆன்டெனா. இதில் மூன்று கண்ணிகள். ஒன்று, 433க்கான ஆன்டெனாவும் 868க்கானதும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எண் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டு, எஸ்எம்ஏ என்றும் ஆர்பி-எஸ்எம்ஏ என்றும் இரண்டு வகைத் திருகுகள். தப்பான ஜோடியும் அழகாகத் திருகிக்கொள்ளும், ஆனால் நடுவில் ஊசியே இருக்காது அல்லது இரண்டு ஊசி முட்டிக்கொள்ளும். கழற்றி நடுவே பாருங்கள்: ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் துளை இருக்க வேண்டும். மூன்று, போர்டில் இருக்கும் பொட்டு அளவு இணைப்பி. சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் அதற்கு ஆயுள். மாட்டும்போது விரலில் ஒரு சின்ன 'டிக்' தெரிய வேண்டும். தளர்ந்திருந்தால் அதோடு போராடாதீர்கள்.

அந்தப் பொட்டு இணைப்பி பெயர்ந்து வந்துவிட்டால் அங்கே நிறுத்துங்கள். வீட்டுச் சாலிடரிங் அயர்னால் தொட்டால் பக்கத்துத் தடங்களும் எரியும். ஹாட் ஏர் வைத்திருக்கும் நல்ல மொபைல் ரிப்பேர் கடையில் கொடுத்தால் சில நிமிட வேலை. எங்களுக்கு ஒன்றை அப்படித்தான் மீட்டேன். வாங்கிய ஆன்டெனா உண்மையில் 866க்கு ஏற்றதுதானா என்று தெரிய வேண்டும் என்றால் ஊரில் ஹாம் ரேடியோக்காரர் யாராவது இருப்பார். அவரிடம் ஆன்டெனாவை அளக்கும் நானோவிஎன்ஏ என்ற கருவி இருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஆன்டெனா நன்றாக இருக்கிறது, உயரமும் இருக்கிறது, இன்னும் அறுகிறது என்றால் எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு) பாருங்கள். லாங்ஃபாஸ்டில் −17 பக்கம் எல்லை. −15 என்று காட்டினால் விளிம்பில் நிற்கிறீர்கள், ஒரு லாரி குறுக்கே வந்தாலும் போய்விடும். அப்போது இடையில் இன்னோர் ஆளிடம் டப்பா கொடுப்பதே வழி.

தலைக்கும் வாலுக்கும் இடையே ஆள் இருந்தும் எட்டவில்லை என்றால் ஹாப் எண்ணிக்கை. வழக்கமான அளவு 3. அதாவது செய்தியை மூன்று முறைதான் கைமாற்றுவார்கள். சாலையில் நீளமாக நடக்கும் குழுவுக்கு இது சில நேரம் போதாது. 4 அல்லது 5 வையுங்கள். 7 வரை போகலாம் என்று இருப்பதால் 7 வைக்காதீர்கள், அடுத்த தலைப்பில் அதன் விளைவு வரும். ட்ரேஸ்ரூட் போட்டால் யார் யார் வழியாகப் போகிறது என்று தெரியும்.

ஆம்ப்ளிஃபையர் மாட்டலாமா என்று கேட்பார்கள். இந்த அலைவரிசையில் உரிமம் இல்லாமல் அனுமதித்திருப்பது 1 வாட் வரைதான், ஆன்டெனாவோடு சேர்த்துக் கதிர்வீச்சு 4 வாட் வரை. சட்டத்தை விடுங்கள், நீங்கள் கத்துவது மட்டும் தூரம் போய், எதிராளி பதில் சொல்வது உங்களுக்குக் கேட்காது.

## கூட்டம் சேர்ந்ததும் எல்லாம் தாமதம்

காலையில் ஓடிய டப்பாக்கள் திண்டுக்கல் நெருங்கும்போது திணறும். எல்லாரும் ஓரிடத்தில் தங்கியிருப்போம், இன்னொரு குழுவும் அதே பெட்டிகளோடு வந்திருக்கும். டப்பா விவரத்தில் 'சேனல் யூட்டிலைசேஷன்' (அலைவரிசை எவ்வளவு நேரம் பேச்சால் நிரம்பியிருக்கிறது என்ற அளவு) பாருங்கள். 25 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. அதைத் தாண்டினால் இடத் தகவலை அனுப்புவதை டப்பாவே தள்ளிப்போடும், அதனால்தான் வரைபடம் உறைந்தது போல் தெரிகிறது.

ரூட்டர் பங்கை முதலில் தேடுங்கள். வீட்டில் வைஃபை ரூட்டர் பார்த்த பழக்கத்தில், 'ரூட்டர்' வைத்தால் நன்றாக எடுக்கும் என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். ஓர் ஆண்டு 13இல் 5 ரூட்டர். சாதாரண க்ளையன்ட், பக்கத்தில் வேறொருவர் திருப்பிச் சொன்னதைக் கேட்டால் தான் சும்மா இருந்துவிடும். ரூட்டர் அப்படி விடாது. முந்திக்கொண்டு எப்படியும் திருப்பிச் சொல்லும். ஐந்து பேர் ஒரே செய்தியைக் கத்தினால் ஹாப் அங்கேயே தீர்ந்து, வாலில் இருப்பவருக்கு எதுவும் போகாது. நடக்கிற எவருக்கும் ரூட்டர் வேண்டாம். உயரமான மாடியில் நிலையாக வைத்த டப்பா ஒன்று இருந்தால் அதற்கு மட்டும் கொடுங்கள்.

அடுத்து, பேச்சைக் குறைப்பது. லாங்ஃபாஸ்டில் முழு நீளச் செய்தி ஒன்று காற்றில் சுமார் 2 நொடி இருக்கும். அதை மூன்று பேர் திருப்பிச் சொன்னால் 8 நொடி. இடத்தை நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும்படி யாராவது மாற்றியிருந்தால் பழைய அளவுக்குத் திருப்புங்கள். டெலிமெட்ரி (பேட்டரி அளவு போன்றவற்றைத் தானாக அனுப்புவது) நடப்பவர்களுக்குத் தேவையே இல்லை. தங்கும் இடத்தில் பத்துப் பேர் ஒன்றாக இருந்தால் எட்டுப் பேர் அணைத்துவிடலாம்.

அப்படியும் நெரிசல் என்றால் எல்லாரையும் மீடியம்ஃபாஸ்டுக்கு மாற்றுங்கள். தூரம் கொஞ்சம் குறையும், வேகம் மூன்று மடங்குக்கு மேல். இதை நடு வழியில் செய்யாதீர்கள். 13 பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்து மாற்ற வேண்டும். ஒருவர் விட்டுப்போனால் அவர் 'எதுவும் வரவில்லை' தலைப்புக்கு வந்துவிடுவார்.

## தனிச் செய்தி மட்டும் போகவில்லை

ஃபர்ம்வேர் 2.5இலிருந்து தனிச் செய்திக்கு ஒவ்வொரு டப்பாவுக்கும் சொந்தச் சாவி உண்டு. முழுக்க அழித்து ஏற்றினால் சாவி புதிதாகிவிடும். மற்றவர்கள் நினைவில் பழையது இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புச் சாவிக் குறி தெரிந்தால் இதுதான். நேரில் அவரிடம் 'அழித்தீர்களா?' என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, பட்டியலிலிருந்து அவரை நீக்கிவிட்டு மறுபடி வர விடுங்கள். அவர் அழிக்கவே இல்லை என்றால் அந்தப் பெயரில் வேறு யாரோ இருக்கிறார்கள், ரகசியம் எதுவும் அனுப்ப வேண்டாம்.

## தமிழில் அனுப்பினால் வெட்டுப்படுகிறது, திரையில் தலைகீழ்க் கேள்விக்குறி

இரண்டும் வேறு வேறு. செய்திக்கு ஆப் கொடுக்கும் இடம் சுமார் 200 பைட். 'வணக்கம்' மட்டுமே 21 பைட். மொத்தம் 66 குறிகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டும், புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. எங்கள் ஆச்சி ஒருவர் கடிதம் போல எழுதுவார். இப்போது மூன்று செய்தியாகப் பிரித்து அனுப்பக் கற்றுக்கொண்டார். நாங்கள் 'தண்ணி', 'நில்', 'வண்டி வா' என்று பத்துச் சொற்களை முன்பே பேசி வைத்திருக்கிறோம்.

கேள்விக்குறி வருவது டப்பாவின் குட்டித் திரையில் தமிழ் எழுத்துரு இல்லாததால். போனில் சரியாகவே தெரியும். போன் இல்லாமல் டப்பாவை மட்டும் வைத்திருப்பவருக்கு ஆங்கில எழுத்தில் அனுப்புங்கள்.

## மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது

ஈஎஸ்பி32 போர்டு சுமார் 100 மில்லிஆம்பியர் இழுக்கும். 1000 எம்ஏஎச் பேட்டரி 10 மணி நேரம்கூடத் தாங்காது. என்ஆர்எஃப்52 சிப் உள்ளவை நாள் கணக்கில் ஓடும். பவர் பேங்கில் மாட்டினால் சிறிது நேரத்தில் அணைந்துவிடுகிறதா? டப்பா இழுப்பது ரொம்பக் குறைவு என்று பவர் பேங்க் தானே தூங்கிவிடுகிறது; வேறு பவர் பேங்க் மாற்றுங்கள். சி-டு-சி கேபிளில் சார்ஜ் ஏறாத போர்டுகளும் உண்டு, ஏ-டு-சி போட்டுப் பாருங்கள்.

பேட்டரியைத் தனியாக வாங்கினால் மாட்டும் முன் சிவப்பும் கறுப்பும் போர்டில் எழுதியிருக்கும் கூட்டல் கழித்தலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். இணைப்பி பொருந்துகிறது என்பதற்காக மாட்டிவிடாதீர்கள், கடைக்குக் கடை திசை மாறும். நான் சொன்ன இரண்டு செத்த டப்பாவில் ஒன்று இப்படிப் போனதுதான். உப்பிய பேட்டரியை அப்போதே கழற்றி ஓரமாக வையுங்கள், ஊசியால் குத்த வேண்டாம்.

## டப்பாவை விட்டுவிட வேண்டிய நேரம்

இருட்டிவிட்டது, வாலில் வந்தவர் வரைபடத்தில் இல்லை, செய்திக்குப் பதில் இல்லை. இப்போது மேலே சொன்ன எதையும் சோதிக்காதீர்கள். அவர் இடம் கடைசியாக எப்போது, எங்கே வந்தது என்று பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரை அந்த இடத்துக்கு அனுப்புங்கள். முதலில் அவர் செல்போனுக்கு அடியுங்கள். இதைக்கூட மறந்துவிட்டு டப்பாவையே தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். போன் எடுக்கவில்லை, அனுப்பியவர்களும் காணவில்லை என்றார்கள் என்றால் 112. மயக்கம், அடி என்று தெரிந்தால் 108. தைப்பூச நாட்களில் சாலையில் நிற்கும் போலீஸ்காரரிடம் நேரில் சொல்வது அதைவிட வேகம். அமைப்பில் என்ன தப்பு என்பதை மறுநாள் காலை, காபிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.